பண்டிகை விளக்குகளை எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பாருங்கள்

கேள்வி: பண்டிகைக் காலத்தில் வீட்டை விளக்குகளால் அலங்கரிப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். நாலு சீரியல் செட்டோடு தொடங்கியது. இந்த வருடம் கூரை விளிம்பு, வாசல் மரம், புல்தரை வளைவுகள் எல்லாம் சேர்த்து, ஒவ்வொன்றும் தனியாக நிறம் மாறும் 4,000 பிக்சல் விளக்குகள், சுவருக்கு நான்கு 50 வாட் ஃபோகஸ் லைட், பாட்டுக்கேற்ப ஒளி மாற ஒரு கண்ட்ரோலர், இரண்டு பெரிய ஸ்பீக்கர் என்று ஆகிவிட்டது. மாலை 6 மணிக்குத் தொடங்கி இரவு 12 வரை ஓடும். பார்க்க நிறையப் பேர் வண்டியில் வருகிறார்கள். எங்கள் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் நடுவே 15 மீட்டர் இருக்கும். போன வாரம் எதிர்வீட்டு அண்ணன் வந்து, அவருடைய அம்மா படுக்கும் அறையில் சுவரெல்லாம் நிறம் மாறிக்கொண்டே இருக்கிறது, கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டார். "திரையை இழுத்து விடுங்கண்ணே, மூணு வாரம்தானே" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் வீட்டில் நான் விளக்குப் போடுவது தப்பா? எல்லாவற்றையும் கழற்றத்தான் வேண்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: கழற்ற வேண்டாம். பண்டிகைக்கு ஒரு வீடு ஒளிர்வதும், அதைப் பார்க்கக் குழந்தைகள் வருவதும் நல்ல விஷயம். நீங்கள் போட்ட உழைப்பு வீணாக வேண்டியதில்லை. ஆனால் "திரையை இழுத்து விடுங்கள்" என்ற பதிலை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். உங்கள் வாசலில் வண்டியை நிறுத்திப் பார்ப்பவர் விரும்பி வந்தவர், போதும் என்று தோன்றியதும் கிளம்பிவிடுவார். அந்த அம்மாவுக்குக் கிளம்பிப் போக இடமில்லை. அவர் படுத்திருக்கும் அறைக்கே உங்கள் காட்சி வந்துவிட்டது.

திரை ஏன் போதாது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விளக்குப் போடுபவர்கள் எல்லோரும் நம்பும் தீர்வு அதுதான். சாதாரணத் துணித் திரை ஒளியைத் தடுக்காது, பரப்பிவிடும். கனமான திரையிலும் மேல் விளிம்பு, பக்கவாட்டு இடுக்கு வழியாக வரும் கீற்று உள்சுவரில் விழுந்து ஓடும். ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குபவருக்குக் காற்றும் போய்விடும். கண்ணை மூடினாலும் இமை வழியே கொஞ்சம் ஒளி ஊடுருவும், அதிலும் சிவப்புதான் அதிகம். இதற்கெல்லாம் மேலாக, நிலையான வெளிச்சத்துக்குக் கண் ஓரளவு பழகிவிடும். மாறிக்கொண்டே இருக்கும் வெளிச்சத்துக்குப் பழகாது. ஓரப் பார்வையில் ஏதாவது அசைந்தால் கவனம் அங்கே திரும்புவது உடலின் இயல்பு. வயதானவர்களின் கண்வில்லை ஒளியைச் சிதறடிப்பதால் கூச்சமும் அவர்களுக்கு அதிகம். நமக்குச் சின்னப் புள்ளியாகத் தெரியும் விளக்கு அவர்களுக்கு ஒளிவட்டத்தோடு தெரியும்.

இன்று இரவே கண்ட்ரோலரில் மூன்று மாற்றங்கள் செய்யுங்கள். ஏணி தேவையில்லை, அரை மணி நேர வேலை.

ஒன்று, மொத்தப் பிரைட்னஸை 30 சதவீதத்துக்கு இறக்குங்கள். ஒவ்வொரு பாட்டின் கோப்பிலும் திருத்திக்கொண்டிருக்காமல் கண்ட்ரோலரின் அவுட்புட் அமைப்பிலேயே வரம்பு வையுங்கள். அப்போதுதான் புதிதாக ஒரு பாட்டைச் சேர்த்தாலும் வரம்பு தானாகப் பொருந்தும். காட்சியின் அழகு போய்விடும் என்று பயப்பட வேண்டாம். மின்சாரம் 30 சதவீதமாகக் குறையும்போது கண்ணுக்கு அது 30 சதவீதமாகத் தெரியாது, ஏறக்குறைய 60 சதவீதம் போலத் தெரியும். கண் வெளிச்சத்தை உணரும் விதம் அப்படி. முழுப் பிரைட்னஸில் எரியும் பிக்சல்களில் சிவப்பு வெளிறி இளஞ்சிவப்பாகவும், மஞ்சள் வெள்ளையாகவும் தெரியும். செல்பேசியில் படம் எடுத்தால் எல்லாமே வெள்ளைப் பொட்டுகள்தான். குறைத்த பிறகுதான் நிறம் நிறமாகத் தெரியும், வளைவு வளைவாகத் தெரியும். இருட்டு இருந்தால்தான் வடிவம் தெரியும். நீங்கள் வாங்கிய 4,000 விளக்குகளில் பாதியின் பயனை அதிக வெளிச்சமே விழுங்கிக்கொண்டிருக்கிறது.

இதில் ஒரு எச்சரிக்கை. 10 சதவீதத்துக்கும் கீழே போனால் ஒளி மெல்ல மங்கி மறைய வேண்டிய இடங்களில் படிப்படியாகக் குதிக்கும். இந்த விளக்குகளில் ஒரு நிறத்துக்கு 256 நிலைகள்தான் உண்டு. 30 சதவீதத்தில் 76 நிலைகள் மிஞ்சும், மங்கல் வழுவழுப்பாகவே இருக்கும். 10 சதவீதத்தில் 25 நிலைகள்தான், அப்போது குதிப்பு கண்ணுக்குத் தெரியும். ஆகவே மொத்தக் காட்சிக்கு 20 முதல் 30 வரை வைத்துக்கொள்ளுங்கள். எதிர்வீட்டுக்கு நேராக இருக்கும் பகுதிகளைத் தனியாக இன்னும் குறைக்கலாம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டு, முழு வீடும் ஒரே சமயத்தில் வெள்ளையில் பளிச்சிடும் இடங்களைப் பாட்டுகளிலிருந்து நீக்குங்கள். வெள்ளை என்பது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்து எரிவது. ஒரு நிறம் எரியும்போது ஆகும் மின்சாரத்தைப்போல் மூன்று மடங்கு ஆகும். எதிர் அறையின் சுவர் திடீரென்று தெரிவது அந்த நொடியில்தான். வெள்ளை தேவைப்படும் இடத்தில் நீலத்தை நன்றாகக் குறைத்து இளமஞ்சள் சாயல் வையுங்கள். அதோடு, பெரிய பரப்பு எதுவும் ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் விட்டுவிட்டு எரியக் கூடாது. ஒளியால் தூண்டப்படும் வலிப்பு நோய் உள்ளவர்களைக் கருதி வைக்கப்பட்ட எல்லை இது. உங்கள் வாசலில் நிற்கும் கூட்டத்தில் யாருக்கு அது இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அடர்சிவப்புப் பளிச்சிடல் இன்னும் ஆபத்தானது. வேகம் வேண்டுமென்றால் ஒரு கோட்டில் ஓடும் ஒளியாக வையுங்கள். பரப்பு சிறியதாக இருப்பதால் தெருவில் நிற்பவருக்கு வேகம் தெரியும், எதிர் அறையில் பெரிய மாற்றம் தெரியாது. சுவர் முழுக்க நிறம் மாறுவதாக இருந்தால் ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக இரண்டு நொடியாவது எடுத்துக்கொள்ளட்டும்.

மூன்று, 12 மணியை 10 ஆக்குங்கள். 9 மணிக்குப் பாட்டும் அசைவும் நிற்கட்டும். அதன்பின் ஒரு மணி நேரம் இளமஞ்சளில் அசையாத காட்சி மட்டும் இருக்கட்டும். நீலமும் குளிர்வெள்ளையும் 9 மணிக்கு மேல் வேண்டாம். பகலா இரவா என்று மூளைக்குச் சொல்லும் விழித்திரைச் செல்கள் 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளிக்குத்தான் அதிகம் விழித்துக்கொள்கின்றன. நீலம் கண்ணுக்குக் கூர்மையாகக் குவியாது என்பதால் இரவில் நீல விளக்குகள் கலங்கலாகவும் தெரியும். அலங்காரமாகப் பார்த்தாலும் அது நட்டம்தான்.

அணைப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது, பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். பிக்சல்கள் கடைசியாக வந்த கட்டளையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 10 மணிக்குப் பாட்டுப் பட்டியல் நின்றுபோனால், கடைசிக் காட்சியில் எந்த நிறம் இருந்ததோ அதே நிறத்தில் விடியும்வரை எரிந்துகொண்டிருக்கும். நீங்கள் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பீர்கள். எனவே பாட்டுப் பட்டியலின் முடிவில் எல்லாவற்றையும் கறுப்பாக்கும் ஒரு காட்சி வையுங்கள். அதோடு விளக்குகளுக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிகளையே ஒரு டைமர் 10.05-க்குத் துண்டிக்கட்டும். மின்தடைக்குப் பிறகு நேரம் பின்தங்கிவிடும் முள்சக்கர டைமரை நம்ப வேண்டாம். உள்ளே பேட்டரி உள்ளதோ, இணையத்திலிருந்து நேரம் எடுப்பதோ வாங்குங்கள். காற்றடைத்த பொம்மைகள் வைத்திருந்தால் அவற்றின் மின்விசிறியையும் இதே டைமரில் சேருங்கள். அந்த ஒரே சீரான இரைச்சல் நடு இரவில் நன்றாகவே கேட்கும்.

இனி ஃபோகஸ் லைட். உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் சந்தேகம் பிக்சல்களைவிட முதலில் இவற்றின் மேல்தான் போனது. 50 வாட் எல்.ஈ.டி. ஒன்று ஏறக்குறைய 4,500 லூமென் தரும் (விளக்கு வெளிவிடும் மொத்த ஒளியின் அளவு லூமென், ஓர் இடத்தில் வந்து விழும் ஒளியின் அளவு லக்ஸ்). நான்குக்கு 18,000. அதில் 60 சதவீதம் உங்கள் சுவரில் விழுகிறது, வெளிர்நிறச் சுவர் அதில் பாதியைத் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டால், 15 மீட்டர் தள்ளியிருக்கும் ஜன்னலில் அது ஏறக்குறைய 7 லக்ஸாக விழும். விளக்கு அவர்கள் பக்கம் திரும்பியே இருக்க வேண்டாம், உங்கள் சுவரே பெரிய விளக்காகிவிட்டது. முழுநிலவு தருவது கால் லக்ஸ் அளவுதான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிக்சல்கள் எல்லாம் வெள்ளையில் எரியும் நொடியில் இது பல மடங்காகும்.

எவ்வளவு வரை சரி? ஒளி தொடர்பான சர்வதேச ஆணையமான சி.ஐ.இ. 2017-இல் வெளியிட்ட 150-ஆம் எண் வழிகாட்டி, வெளி விளக்குகளால் அண்டை வீட்டு ஜன்னலில் விழும் ஒளிக்கு எல்லை சொல்கிறது. புறநகர்க் குடியிருப்புகளில் மாலை வேளையில் 10 லக்ஸ், இரவு குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் 2 லக்ஸ். நகரின் நெரிசலான பகுதிகளில் 25, 5. கிராமப்புறத்தில் 5, 1. இது எல்லா இடத்திலும் சட்டம் இல்லை, ஆனால் நியாயமான அளவுகோல். உங்கள் தெருவுக்கு 9 மணிக்கு மேல் 2 லக்ஸ் என்பதைக் குறியாக வையுங்கள்.

50 வாட் விளக்குகளை எடுத்துவிட்டு அதே இடத்தில் 10 வாட் போட்டால் கணக்கு நேராக ஐந்தில் ஒரு பங்காகும், 7 லக்ஸ் ஒன்றரையாக இறங்கும். நிறம் 2,700 கெல்வின் அல்லது அதற்கும் கீழே, அதாவது மஞ்சள் சாயலில் இருக்கட்டும். தரையில் வைத்து மேல்நோக்கி அடிப்பதைவிடச் சன்ஷேடுக்கு அடியில் பொருத்திக் கீழ்நோக்கிச் சுவரை வருடும்படி விட்டால், வானத்துக்குப் போகும் ஒளி நின்றுவிடும், சுவரின் சொரசொரப்பும் அழகாகத் தெரியும். எதிர்வீட்டு ஜன்னலில் நின்றால் விளக்கின் எரியும் சில்லு நேராகக் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். பட்டால் அதற்கு மறைப்புத் தேவை. மங்கலான கறுப்பு வண்ணம் அடித்த தகரத் தகடு போதும். பளபளப்புத் தகடு வேண்டாம், அது வேறு பக்கம் திருப்பி அடிக்கும். காற்றுத் துளைகளை மூடிவிடாதீர்கள், சூடேறி விளக்குப் போய்விடும்.

புள்ளிபுள்ளியாக ஒளி தூவும் லேசர் கருவி ஏதாவது இருந்தால், அதன் விளிம்புப் புள்ளிகள் உங்கள் சுவரைத் தாண்டிப் போகின்றனவா என்று தெருவின் இரு முனையிலிருந்தும் பாருங்கள். கூரைக்கு மேலே வானத்தில் போகும் லேசர் விமானிகளின் கண்ணைக் கூசச் செய்யும், பல நாடுகளில் அது குற்றம். கருவியைக் கீழே சாய்த்தும் அடங்கவில்லை என்றால் அதை விட்டுவிடுங்கள்.

பிக்சலில் சீரியல் செட்டுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு: ஒவ்வொரு விளக்கையும் தனியாகக் கட்டுப்படுத்தலாம். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து நேராகத் தெரியும் விளக்குகளை மட்டும் கண்ட்ரோலர் மென்பொருளில் ஒரு தனிக் குழுவாகச் சேர்த்து, அந்தக் குழுவுக்கு 15 சதவீதம் என்று தனி வரம்பு வையுங்கள். மரத்தைச் சுற்றிய விளக்குகளில் பெரும்பாலும் மேல்பாதிதான் மாடி ஜன்னலுக்கு நேராக இருக்கும். புல்தரை வளைவுகளைக் காம்பவுண்டு சுவரே மறைத்துவிடும், அவற்றைக் குறைக்கத் தேவையே இராது. கூரை விளிம்பில் தெருவைப் பார்த்து நிற்கும் பிக்சல்களைத் திருப்பி, உங்கள் சுவரைப் பார்த்தபடி ஒரு சிறு இடைவெளியில் பொருத்தினால் ஒளிப்புள்ளி மறைந்து சுவரில் மென்மையான ஒளிக்கோடு விழும். செலவில்லாத மாற்றம், பார்க்கவும் முந்தையதைவிட நேர்த்தி. முடியாவிட்டால் பால் நிற மூடியுள்ள அலுமினியப் பட்டைக்குள் செருகுங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகு அளந்து பார்க்க வேண்டும், உங்கள் வாசலில் நின்று அளக்கக் கூடாது. எதிர்வீட்டு அண்ணனின் அனுமதியோடு அந்த அறைக்கே போங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் இருங்கள், கண் இருட்டுக்குப் பழகட்டும். ஒரு லக்ஸ் மீட்டரை ஜன்னல் கண்ணாடியோடு ஒட்டி, உணரி வெளிப்பக்கம் பார்த்தபடி பிடியுங்கள். ஜன்னல் திறந்திருந்தால் அதன் தளத்தில் செங்குத்தாகப் பிடியுங்கள். வீட்டில் ஒருவரைப் போனில் வைத்துக்கொண்டு, விளக்குகள் அணைந்திருக்கும்போது ஒரு அளவு, ஓடும்போது பிரகாசமான கட்டத்தில் ஒரு அளவு எடுங்கள். முதலாவது தெருவிளக்கின் பங்கு. இரண்டிலும் உள்ள வித்தியாசம்தான் உங்களுடையது. செல்பேசிச் செயலி ஓரிரு லக்ஸ் அளவுகளில் துல்லியமாகக் காட்டாது. முன்னைவிட எவ்வளவு குறைந்தது என்று ஒப்பிடமட்டும் உதவும். பிறகு அந்த அம்மாவின் தலையணை இருக்கும் இடத்திலிருந்து ஒரு முழுப் பாட்டையும் பாருங்கள். எண் 2-க்குக் கீழே இருந்தாலும், மேற்கூரையில் ஒரு கீற்று ஓடிக்கொண்டிருந்தால் அது எந்த விளக்கு என்று கண்டுபிடித்து அணையுங்கள். சிரமப்படுபவர் அவர், எண்ணைக் காட்டி வாதாட வேண்டாம்.

அவரிடம் போவது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போதைய நிலையில் நேராகப் போய் "ஜன்னலை அளக்கணும்" என்றால் நடக்காது. முதலில் பிரைட்னஸைக் குறைத்துவிட்டு, மறுநாள் பகலில் போங்கள். "அண்ணே, அன்னிக்கு நான் அப்படிச் சொன்னது சரியில்லை. நேத்து ராத்திரியே குறைச்சிருக்கேன். இப்பவும் அம்மா ரூம்ல எப்படி இருக்குன்னு நானே வந்து ஒரு தடவ பாக்கலாமா?" என்று கேட்டால் போதும். எத்தனை செலவு செய்தேன், எத்தனை பேர் பாராட்டினார்கள் என்ற பேச்சை அங்கே எடுக்காதீர்கள். நான்கு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அம்மா எத்தனை மணிக்குப் படுப்பார், எந்த அறைகள் தெருப்பக்கம், வீட்டில் ஒற்றைத் தலைவலியோ வலிப்போ கைக்குழந்தையோ இரவுப் பணி முடித்து வந்து தூங்குபவரோ உண்டா, வெளிச்சம், சத்தம், வண்டி மூன்றில் எது அதிகம் தொந்தரவு. அந்த அம்மா எட்டரைக்கே படுப்பவர் என்றால், அவருடைய ஜன்னலுக்கு நேரான விளக்குக் குழு மட்டும் எட்டரைக்கு அணையும்படி நேரம் வைக்கலாம். மற்றதெல்லாம் 10 மணிவரை எரியட்டும். இந்த ஒரு சலுகையே பெரும்பாலான மனக்கசப்பைத் தீர்த்துவிடும்.

உங்கள் போன் எண்ணைக் கொடுத்து, "ஒரு மெசேஜ் போடுங்க, உடனே அணைச்சிடறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி நடக்க, எல்லாவற்றையும் ஒரே தட்டலில் நிறுத்தும் ஏற்பாடு உங்கள் போனிலும் வீட்டில் இன்னொருவர் போனிலும் இருக்கட்டும். அணைக்க வழி இருக்கிறது என்று தெரிந்தாலே மனிதர்களுக்குப் பொறுமை கூடும். வாய் திறந்து கேட்டவர் ஒருவர்தான் என்பதால் மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். இரு பக்க வீடுகளுக்கும் பின்வீட்டுக்கும் போய் இதே கேள்விகளைக் கேளுங்கள்.

சத்தம். பெரும்பாலும் விளக்கைவிட அதிகச் சண்டை இதில்தான் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20 நிமிடத்தில் ஒரு சுற்று என்றால் 6 மணிமுதல் 12 வரை ஒரே பாட்டு 18 முறை. மூன்று வாரத்தில் 378 முறை. வண்டியில் வருபவர் ஒருமுறை கேட்டுவிட்டுப் போகிறார், பக்கத்து வீட்டார் அத்தனையையும் கேட்கிறார்கள். இரண்டு பெரிய ஸ்பீக்கரைத் தெருப்பக்கம் திருப்பி வைப்பதற்குப் பதில், பார்ப்பவர்கள் நிற்கும் இடத்துக்கு அருகிலேயே சின்ன ஸ்பீக்கர்களை உங்கள் வீட்டைப் பார்த்தபடி வையுங்கள். திறந்தவெளியில் தூரம் இரு மடங்கானால் சத்தம் 6 டெசிபெல் குறையும். அருகில் வைத்தால் மெதுவாகவே வைக்கலாம், தள்ளியிருக்கும் வீட்டுக்குப் போவதற்குள் தேய்ந்துவிடும். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அடி ஒலியை ஆம்ப்ளிஃபயரிலேயே வெட்டிவிடுங்கள். சுவரையும் மூடிய ஜன்னலையும் தாண்டிப் போவது அதுதான். ஜன்னலை மூடிய எதிர் அறையில் நின்றால் எந்தப் பாட்டு ஓடுகிறது என்று அடையாளம் தெரியக் கூடாது, அந்த அளவுக்குக் குறையுங்கள். இரவு நேரத்தில் வீட்டுக்கு வெளியே 40 டெசிபெல் என்பது 2009-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு சொன்ன எல்லை. ஸ்பீக்கரே வேண்டாம், வண்டி ரேடியோவில் கேட்கட்டும் என்று சிறிய எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வைப்பவர்கள் உண்டு. நல்ல யோசனைதான், ஆனால் எவ்வளவு சக்தி வரை அனுமதி என்பது நாட்டுக்கு நாடு மாறும், வாங்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வண்டிகளை உங்கள் கடிதம் ஒரே வரியில் கடந்துவிட்டது. அங்கே இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் லிட்டில் ராக் நகரில் ஜென்னிங்ஸ் ஆஸ்போர்ன் என்பவர் 1986-இல் தன் மகள் கேட்டாள் என்று 1,000 விளக்குகளோடு கிறிஸ்துமஸ் அலங்காரத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது 30 லட்சத்தைத் தாண்டியது. பார்க்க வந்த வண்டிகளால் தங்கள் வீட்டுக்கே போய்வர முடியவில்லை என்று அண்டை வீட்டார் வழக்குப் போட்டார்கள். 1994-இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. மறு ஆண்டு அந்த விளக்குகள் புளோரிடாவில் டிஸ்னி பூங்கா ஒன்றுக்கு இடம்பெயர்ந்து, 2016 தொடக்கம்வரை அங்கே எரிந்தன. கூட்டத்துக்கென்றே கட்டிய இடத்தில் அதே அலங்காரம் யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. குடியிருப்புத் தெருவுக்கு அது தாங்கவில்லை. "என் வீடு, என் உரிமை" என்ற வாதம் நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதுவே விடை.

உங்கள் அளவில் செய்யக்கூடியவை: ஒரு சுற்றை 20 நிமிடத்திலிருந்து 8 நிமிடத்துக்குக் குறையுங்கள், இரண்டு பாட்டுப் போதும். வண்டிகள் சீக்கிரம் நகரும், ஒரே நேரத்தில் நிற்பவை பாதிக்கும் கீழே போகும். சுற்று முடிந்ததும் இரண்டு நிமிடம் அசையாத காட்சி வையுங்கள், கிளம்ப வேண்டிய நேரம் அது என்று வந்தவர்களுக்குப் புரியும். அந்த இடைவெளி இல்லாமல் பாட்டு மேல் பாட்டாக ஓடினால் யாரும் அசைய மாட்டார்கள். எதிர்வீட்டு கேட்டை மறித்து நிறுத்த வேண்டாம், நிற்கும்போது ஹெட்லைட்டையும் எஞ்சினையும் அணைத்துவிடுங்கள் என்று தெருமுனையிலேயே ஒரு பலகை வையுங்கள். வீட்டு வாசலில் வைத்தால் அதற்குள் வண்டி நின்றிருக்கும். ஹெட்லைட் வெளிச்சமும் அந்த அம்மாவின் அறைக்குள்தான் போகிறது. ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் எப்போது வந்தாலும் 4 மீட்டர் வழி இருக்க வேண்டும். கூட்டம் அதிகமுள்ள நாட்களில் உங்கள் வீட்டார் இருவர் ஒளிரும் மேலாடையோடு தெருவில் நிற்கட்டும். தெருவில் தடுப்பு வைப்பதென்றால் காவல்துறையிடமோ உள்ளாட்சியிடமோ கேட்டுக்கொண்டு வையுங்கள். இடக்குறியோடு வீடியோவை இணையத்தில் பரப்புவதை இந்த வருடம் நிறுத்துங்கள். வருகிற கூட்டத்தைச் சமாளிக்க இடமில்லாத தெருவுக்கு இன்னும் ஆள் சேர்ப்பது சரியில்லை.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. 5 வோல்ட் பிக்சல் ஒன்று முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர், அதாவது 0.3 வாட் எடுக்கும். 4,000-க்கு 1,200 வாட். 30 சதவீதத்தில் 360. சரத்தின் கடைசி விளக்குகள் வெள்ளைக்குப் பதில் பழுப்பாகவோ சிவப்பாகவோ தெரிந்தால் ஒயரில் வோல்டேஜ் விழுகிறது என்று பொருள், பிரைட்னஸைக் குறைத்தாலே பெரும்பாலும் அது சரியாகிவிடும். வெளியே போகும் இணைப்பு, மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் வழியாகத்தான் போக வேண்டும். வெளியில் இருக்கும் ஜாயின்டுகளுக்கு நீர் புகாத மூடி போடுங்கள். வெறும் டேப் சுற்றினால் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருளாக விடாமல் முழுக்கப் பிரித்துப் போடுங்கள், சுருளில் சூடேறும். மழை நாளில் ஆர்.சி.சி.பி. விழுந்தால், விழுந்த சுவிட்சை மறுபடி மறுபடி தூக்கிவிடாமல் காயும்வரை அணைத்தே வையுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் அவர் "முழுசா எடுத்துடு" என்றால்? அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் முன்பு ஒருமுறை மென்மையாகக் கேட்டு மறுக்கப்பட்டவர்கள்தான். ஒரு வாரம் குறைத்த நிலையில் ஓட்டுங்கள், நடுவில் மறுபடி போய்க் கேளுங்கள். பாட்டுடன் கூடிய காட்சியை வார இறுதியிலும் பண்டிகை நாளிலும் மட்டும் வைத்து, மற்ற நாட்களில் அசையாத விளக்கு மட்டும் என்று ஆக்கலாம். அதற்கும் இசையவில்லை என்றால், அவர் ஜன்னலுக்கு நேரான பகுதியை முழுக்க இருட்டாக விட்டுவிட்டு மீதியை வைத்துக்கொள்ளுங்கள். 4,000 விளக்குகளில் அது சில நூறுதான் இருக்கும். அந்த வீட்டில் யாருக்காவது உடல்நிலை மோசமானால் கேட்கக் காத்திராமல் அன்றைக்கு அணைத்துவிடுங்கள்.

அடுத்த வருடம் ஏணியை எடுப்பதற்கு ஒரு மாதம் முன்பே நான்கு வீடுகளுக்கும் போய்த் தொடங்கும் தேதி, கழற்றும் தேதி, தினமும் எரியும் நேரம், உங்கள் போன் எண் நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கழற்றும் தேதி தாண்டக் கூடாது. இந்த வருடம் எதிர் அறையில் எடுத்த லக்ஸ் அளவு, அதற்குக் காரணமான பிரைட்னஸ் சதவீதம், தனிக் குழுவில் சேர்த்த பிக்சல் எண்கள் மூன்றையும் கண்ட்ரோலர் கோப்போடு இப்போதே சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக எதைச் சேர்த்தாலும் முதல் இரவே அந்த அறைக்குப் போய் மறுபடி அளவெடுங்கள்.